ஆறடி ஐந்து அங்குல ஆளுக்கு எந்தச் சின்ன டிராக்டர் சரிப்படும்?

சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு செடி நர்சரியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். உயரம் 196 சென்டிமீட்டர், அதாவது ஆறடி ஐந்து அங்குலம். நர்சரியில் இப்போது இருப்பது ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த பழைய குட்டி டிராக்டர். உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது, சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகிறது. முதலாளி 25 குதிரைத்திறன் அளவில் புதிதாக ஒன்று வாங்கப்போகிறார். “நீதானே ஓட்டப்போகிறாய், நீயே பார்த்துச் சொல்” என்று சொல்லிவிட்டார். முன்னால் மண் அள்ள லோடர் வேண்டும், பின்னால் புல்வெட்டி மாட்ட வேண்டும். எந்த பிராண்ட் வாங்கலாம், ஏசி கேபின் எடுத்தால் தலை இடிக்குமா, இதுதான் கேள்வி.

உங்கள் முதலாளி நல்ல மனிதர், தம்பி. பல இடங்களில் ஆபீசில் உட்கார்ந்து விலையைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுவார்கள், வண்டி லாரியில் வந்து இறங்கிய பிறகுதான் ஓட்டுகிறவரைக் கூப்பிடுவார்கள். கோல்ஃப் திடல், பூங்கா ஒப்பந்தம், நர்சரி என்று இந்த வண்டிகளைப் பழுது பார்த்தே எனக்குக் காலம் ஓடியிருக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல், ஓட்டுகிறவருக்கு ஒத்துவராததாலேயே கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் டிராக்டர்கள் உண்டு.

பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 25 என்கிற எண்ணை விட்டுவிட்டு சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள்.

25 குதிரைத்திறன் என்று கேட்டால் ஒரே கம்பெனியிலேயே மூன்று அளவில் வண்டி இருக்கும். ஜான் டியரில் 1025ஆர், 2025ஆர், 3025இ என்று மூன்று மாடல்கள். மூன்றின் எஞ்சினும் ஏறக்குறைய 24, 25 குதிரைத்திறன்தான். ஆனால் முதலாவது சப்-காம்பாக்ட் எனப்படும் குட்டி சேஸி, இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் பெரியது, மூன்றாவதில்தான் பெரிய ஆள் காலை நீட்டி உட்கார இடம் இருக்கும். குபோட்டாவிலும் அதே கதை: பி.எக்ஸ். 2680, எல்.எக்ஸ். 2610, எல். 2501. கடைசி வண்டியின் எஞ்சின் 25ஐக்கூடத் தொடாது. ஆனால் எடை என்று பார்த்தால் பி.எக்ஸை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று தோன்றலாம். அமெரிக்காவில் டீசல் எஞ்சின் புகைக்கான விதிகள் 19 கிலோவாட்டுக்கு மேல் கடுமையாகின்றன. 19 கிலோவாட் என்பது சுமார் 25 குதிரைத்திறன். அதைத் தாண்டினால் புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டி மாட்ட வேண்டிவரும், அது செலவு, பராமரிப்பும் தொல்லை. அதனால் கம்பெனிகள் பெரிய சேஸியிலேயே 25க்குச் சற்றுக் குறைந்த எஞ்சினை வைத்து விற்க ஆரம்பித்தன. விதி வந்தது புகைக்காக, லாபம் உங்களைப் போன்ற உயரமான ஆட்களுக்கு. முதலாளி போட்ட 25 குதிரைத்திறன் கணக்கும் மாறாது, உங்கள் காலுக்கும் இடம் கிடைக்கும்.

மேலே சொன்ன எண்கள் அமெரிக்கச் சந்தை எண்கள். நம் பக்கம் வேறு பெயரில், வேறு எண்ணில் வரலாம். ஆகவே விற்பவரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். “25 குதிரைத்திறன் பக்கத்தில் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சேஸி எது” என்று கேளுங்கள். குபோட்டா, ஜான் டியர், யன்மார், கியோட்டி, நியூ ஹாலண்ட், மஹிந்திரா என்று யாரிடம் போனாலும் இந்தக் கேள்வி செல்லும். சப்-காம்பாக்ட் வகையை நீங்கள் உட்கார்ந்து பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆறடி இரண்டு, மூன்று அங்குல ஆட்கள் அதில் சமாளிப்பார்கள். அரை மணி நேரம் புல் வெட்டிவிட்டு இறங்குகிறவருக்கு அது சரி. நாள் முழுக்க மண் அள்ளுகிறவருக்கு அது தண்டனை.

இப்போது நீங்கள் ஓட்டும் பழைய ஜப்பான் வண்டிக்கு வருவோம். அந்த வண்டி மேல் தப்பில்லை. ஜப்பானின் சின்னச் சின்ன நெல் வயல்களுக்காக, குறுகலான வரப்புப் பாதைகளுக்காக, அந்தத் தலைமுறை விவசாயியின் உடல்வாகுக்காகச் செய்தது அது. கிழக்காசிய ஆட்களுக்கு உயரத்தோடு ஒப்பிடும்போது உடம்பு நீளம், கால் குட்டை. நமக்குப் பெரும்பாலும் நேர்மாறு, கால்தான் நீளம். அதனால் அந்த வண்டியில் தலைக்கு மேல் இடம் கிடந்தும் முழங்காலுக்கு இடமே இருப்பதில்லை. உருண்டால் காக்கும் ரோப்ஸ் வளைவு இல்லாமலே வந்த பழைய வண்டிகளும் நிறைய. உங்கள் வண்டியில் அது இல்லையென்றால், புது வண்டி வரும்வரை சரிவிலும் வடிகால் ஓரத்திலும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வண்டி பார்க்கப் போகும் முன் உங்களை அளந்துகொள்ளுங்கள். 196 என்கிற எண்ணை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. ஒரே உயரத்தில் இருவர் இருப்பார்கள், ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். முதல் ஆளுக்குப் பொருந்தாத வண்டி இரண்டாவது ஆளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, முதுகும் பின்புறமும் சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முன்பக்கம் வரை எவ்வளவு என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். இதுதான் முக்கிய அளவு. 170 செ.மீ. ஆளுக்கு 58, 59 செ.மீ. பக்கம் வரும், உங்களுக்கு 68 வரைகூட வரலாம். அந்தப் பத்து சென்டிமீட்டரைத்தான் வண்டியில் தேடப்போகிறோம். அடுத்து, வேலைக்குப் போடும் பூட்ஸோடு தரையிலிருந்து முழங்கால் மேல்பக்கம் வரை. பிறகு உட்காரும் பலகையிலிருந்து உச்சந்தலை வரை, ஹெல்மெட் போடும் இடமென்றால் ஹெல்மெட்டோடு. கடைசியாக பூட்ஸின் வெளி நீளம். பூட்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள், பெடல் வரும்போது சொல்கிறேன்.

வண்டியில் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, முதுகுச் சாய்விலிருந்து டேஷ்போர்டின் கீழ்விளிம்பு வரை அளக்க வேண்டும். உங்கள் சுவர் அளவைவிட அது நாலைந்து விரல்கடை கூடுதலாக இருந்தால் நல்லது. அப்புறம் சீட்டின் மேல்பக்கத்துக்கும் ஸ்டியரிங் வளையத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. பெடலிலிருந்து காலைத் தூக்கும்போது தொடை மேலே வரும், அதற்கு அங்கே இடம் வேண்டும். ஸ்டியரிங்கைச் சாய்க்கும் வசதி இருந்தால் பெரிய உதவி. ஒரு கையால் சுற்றுவதற்கு வளையத்தில் குமிழ் மாட்டியிருப்பார்கள். முழு வளைவு சுற்றும்போது அது முழங்காலில் அடிக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். காட்சிக்கு நிற்கும் வண்டியில் ஸ்டியரிங் நேராக இருக்கும், எல்லாமே பொருந்துவது போலத்தான் தெரியும்.

காலுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள். சில மாடல்களில் கியர்பெட்டி உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே திமில் மாதிரி எழும்பி நிற்கும், ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். சில மாடல்களில் அடித்தளம் தட்டையாக இருக்கும். குபோட்டாவில் சாதாரண எல். வரிசை முதல் வகை, கிராண்ட் எல். வரிசை இரண்டாம் வகை. தட்டைத் தளம் என்றால் பெடல் மிதிக்காத நேரத்தில் காலை இடம் மாற்றி வைக்கலாம், கொஞ்சம் நீட்டலாம். எட்டு மணி நேரம் ஒரே கோணத்தில் முழங்காலை மடக்கி வைத்திருப்பதில்தான் வலி வருகிறது. விலை கட்டுமானால் தட்டைத் தளம் எடுங்கள்.

பெடல் விஷயத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். கடையில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். லோடர் வேலைக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிதான் வசதி. கிளட்சும் கியர் மாற்றமும் இல்லை, பெடலை அழுத்த அழுத்த வேகம் கூடும். அந்தப் பெடலில் இரண்டு வகை. குபோட்டாவின் பல மாடல்களில் ஒரே நீளமான பெடல், முன்பாதத்தால் அழுத்தினால் முன்னே போகும், குதிகாலால் அழுத்தினால் பின்னே வரும். ஜான் டியரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தனித்தனிப் பெடல், ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

சராசரி ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படி இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் தூரம் போதாவிட்டால் பாதம் முழங்காலுக்கு நேர் கீழே, சில நேரம் அதற்கும் பின்னால் வந்துவிடும். கணுக்கால் ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கும். அந்த நிலையில் விரல்பக்கத்தை இன்னும் தூக்கிக் குதிகாலை அழுத்து என்றால், கால் எலும்பின் முன்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கும். லோடர் வேலை என்றாலே முன்னே போய் அள்ளு, பின்னே வா, திரும்பு, கொட்டு, மறுபடி பின்னே வா என்று பாதி நேரம் ரிவர்ஸ்தான். இன்னொன்று, உங்கள் பூட்ஸ் 13ஆம் நம்பர் பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்ன வண்டியில் அந்த ஒற்றைப் பெடலை உங்கள் பூட்ஸ் முழுதாக மூடிவிடும், குதிகால் பெடலைத் தாண்டிப் பின்னால் தொங்கும். ரிவர்ஸ் என்று நினைத்து அழுத்துவது தளத்தில் போய் முட்டும். பெரிய சேஸியில் தூரம் கிடைப்பதால் இந்தத் தொல்லை குறைகிறது, ஆனாலும் உங்கள் உயரத்துக்கு இரண்டு பெடல் வண்டியைத்தான் முதலில் பார்ப்பேன். அதிலும் ஒரு கண் வையுங்கள்: ஓரப் பெடலை மிதிக்கும்போது முழங்கால் வெளிப்பக்கம் போகும், அங்கே மட்கார்டோ லோடர் தூணோ இடித்தால் அதுவும் பயனில்லை.

லோடர் தூண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கோல்ஃப் திடலின் பராமரிப்புக் கொட்டகைக்கு சர்வீஸ் பார்க்கப் போயிருந்தேன். வண்டியை ஓட்டுகிறவர் உங்களைப் போலவே நெடுநெடுவென்ற ஆள். ஹைட்ராலிக் ஆயில் கசிகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். லோடரை இயக்கும் ஜாய்ஸ்டிக் வலது முழங்கால் பக்கம் ஒரு இரும்புத் தாங்கியில் நிற்கும். அந்தத் தாங்கியில் முழங்கால் உரசி உரசி ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஜாய்ஸ்டிக் அடியில் இருக்கும் ரப்பர் உறை ஒரு பக்கம் மட்டும் கிழிந்து, அதன் வழியே தூசி இறங்கி, வால்வு சீலைத் தின்றிருக்கிறது. கசிவுக்குக் காரணம் கேட்டால் அந்த மனிதர் பேசாமல் பேண்டை முழங்கால்வரை ஏற்றிக் காட்டினார், அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது. சீலை மாற்றிவிட்டு, தாங்கியை முன்னாலும் வெளிப்பக்கமுமாக நகர்த்த ஒரு சின்ன பிராக்கெட் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த இடம் கசியவில்லை.

ஆகவே லோடர் மாட்டாத வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு “பொருந்துகிறது” என்று சொல்லிவிடாதீர்கள். லோடரும் ஜாய்ஸ்டிக்கும் மாட்டிய வண்டியில்தான் உட்கார வேண்டும். வண்டி தனியாக, லோடர் தனியாக வந்து இங்கே மாட்டுவதாக இருந்தால், ஜாய்ஸ்டிக் எங்கே வரும் என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இனி சீட். எல்லாம் பார்த்துப் பெரிய சேஸி எடுத்தும் நாலைந்து சென்டிமீட்டர் போதவில்லை என்றால் சீட்டை நகர்த்த முடியும். சீட் ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டு, புதுத் துளையில் போல்ட் மாட்டினால் ஐந்து, ஆறு செ.மீ. பின்னால் போகும். ஆனால் பின்னால் ரோப்ஸ் தூணும் ஹைட்ராலிக் லீவர்களும் காத்துக்கொண்டிருக்கும். முதுகுச் சாய்வு தூணில் முட்டினால் அதோடு சரி. லீவர் முழங்கைக்குப் பின்னால் போய்விட்டால் புல்வெட்டியைத் தூக்க ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருப்ப வேண்டிவரும்.

உயர்த்துவது அதைவிட லேசான வேலை. சின்ன டிராக்டர்களில் சீட் தாழ்வாக இருப்பதால் முழங்கால் மேலே எழும்பி நிற்கிறது, மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் இறங்குகிறது. சாயங்காலம் இடுப்பு வலிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். சீட்டை நாலு செ.மீ. தூக்கினால் முழங்கால் கோணம் விரியும், தொடை சீட்டில் படிந்து உட்காரும். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் சீட் மாற்றினால் உயரமும் கிடைக்கும், குலுங்கலும் குறையும். மாற்றும்போது உங்கள் எடைக்குத் தகுந்த சீட்தானா என்று பாருங்கள், எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் அதில் குமிழ் இருக்கும். அதே நேரம் சீட் உயர்ந்தால் தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே உள்ள இடம் குறையும், தலையும் மேலே போகும். ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையும், அளந்து அளந்துதான் செய்ய வேண்டும்.

சீட்டில் கை வைக்கும்போது மூன்று விஷயத்தில் விளையாடக் கூடாது. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஆள் எழுந்தால் எஞ்சினையோ புல்வெட்டியையோ நிறுத்துவது அதுதான். புது சீட்டுக்கு அதை மாற்றி மாட்ட வேண்டும், வயரை முறுக்கிவிட்டு “ஓடுது, போ” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட் எங்கே போல்ட் பண்ணியிருக்கிறது என்று பாருங்கள், சீட்டோடு சேர்ந்து அதுவும் சரியாக வர வேண்டும். ரோப்ஸ் வளைவில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. அது சோதித்துச் சான்று வாங்கிய பொருள், ஒரு துளை போட்டாலும் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு முதலாளி தலையில்தான் வரும், ஆகவே எந்த மாற்றத்துக்கும் விற்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிச் செய்வது அவருக்கும் நல்லது.

ரோப்ஸ் பற்றி உயரமான ஆளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வண்டி கவிழ்ந்தால் உங்கள் தலை அந்த வளைவின் காவலுக்குள் இருக்க வேண்டும். சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரோப்ஸ் உச்சியிலிருந்து பானெட்டின் முன்முனை வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலை கயிற்றுக்குக் கீழே இருந்தால் சரி. கயிற்றைத் தொட்டால் சீட்டை உயர்த்துகிற பேச்சை விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

நர்சரியில் நிழல்வலைக் கூடாரத்துக்குள் போகும்போது ரோப்ஸை மடக்கிவிடுவார்கள். மடக்கினால் பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தினால் பெல்ட் போடாமல் ஓட்டக் கூடாது, அது எல்லோருக்கும் பொது. உங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ரோப்ஸ் மடங்கியிருக்கும்போது வண்டியிலேயே உயரமான இடம் உங்கள் தலை. பெரிய சேஸியின் சீட் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்கள் உட்கார்ந்த உயரம் ஒரு மீட்டர். ஆக இரண்டு மீட்டருக்கு மேல். கூடாரத்தின் குறுக்குக் கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறது என்று இன்றைக்கே டேப் பிடித்துப் பாருங்கள். ரிவர்ஸில் வரும்போது பின்னந்தலையில் கம்பி படுவது சின்ன விஷயம் இல்லை.

ஏசி கேபின் கேட்டீர்கள். இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அளவு டிராக்டரில் கேபின் என்பது ஏற்கெனவே போதாத இடத்தைச் சுற்றி நாலு சுவர் கட்டுவது. சில மாடல்களில் ஏசி பெட்டியே கூரையில் இருக்கும், அது உங்கள் தலைக்கு மேலே உள்ள இடத்தைத் தின்னும். கதவு வழியாக உடம்பை மடக்கி ஏற வேண்டும், நாளைக்குப் பத்திருபது தடவை இறங்கி ஏறும் வேலையில் அது எரிச்சல். தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்கவும் இடம் இருக்காது. கூடாரத்துக்குள் அந்த வண்டி போகவே போகாது. 35, 40 குதிரைத்திறனுக்கு மேல் பெரிய வண்டி எடுத்தால் கேபினைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைக்குத் திறந்த வண்டி, மேலே ஒரு வெயில் கூரை, அது போதும்.

வெயில் கூரையும் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அது ரோப்ஸில் பிடித்து முன்னால் நீளும். நடுத்தர உயர ஆளுக்கு வைத்த உயரத்தில் மாட்டினால் அதன் முன்விளிம்பு நேராக உங்கள் கண்மட்டத்தில் வரும். லோடர் வாளியை மேலே தூக்கும்போது வாளி தெரியாது, குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். எட்டிய மட்டும் உயரமாக, கொஞ்சம் பின்தள்ளி மாட்டச் சொல்லுங்கள். அதற்காகவும் ரோப்ஸில் துளை போட விடாதீர்கள், கிளாம்ப் வைத்துப் பிடிப்பதுதான் முறை.

பெரிய சேஸிக்கு விலையாக நீங்கள் கொடுப்பது அகலமும் எடையும். பி.எக்ஸ். போன்ற குட்டி வண்டி சுமார் 1.1 மீட்டர் அகலத்தில் போய்விடும். எல். வகைக்கு 1.4 மீட்டர் வேண்டும், லோடர் வாளி அதையும் தாண்டும். தொட்டி வரிசைகளுக்கு நடுவே பாதை எவ்வளவு? எடை என்று பார்த்தால் லோடரும் பின்கருவியும் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தாண்டலாம். ஜல்லிப் பாதையில் பரவாயில்லை, மழை பெய்த புல்தரையில் தடம் பதியும். புல்வெளி வேலை அதிகமென்றால் அகலமான டர்ஃப் டயர் கேளுங்கள். அது சேற்றில் அவ்வளவாகப் பிடிக்காது, இதில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதுதான் சிங்கப்பூரில் பெரிய சிக்கல். கார் ஷோரூம் மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கமாட்டார்கள். விற்பவரிடம் “இந்த மாடலை யாருக்கு விற்றிருக்கிறீர்கள், நான் போய் உட்கார்ந்து பார்க்கலாமா” என்று கேட்கலாம், தப்பில்லை. விற்கிற எண்ணம் இருப்பவர் ஏற்பாடு செய்வார். கோல்ஃப் திடல் கொட்டகைகளில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் கீழே இறங்கி இடம் கொடுப்பார்கள். ஜொகூர் போய்வர முடிந்தால் அங்கே தோட்ட வேலைக்கான வண்டிகள் கூடுதலாகக் கண்ணில் படும்.

போகும்போது வேலைக்குப் போடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு உட்கார்ந்தால் எல்லா வண்டியும் வசதியாகத்தான் இருக்கும். உட்கார்ந்தவுடன் அபிப்பிராயம் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு லோடரைத் தூக்கி இறக்கி, முன்னே பின்னே போய், உடம்பைத் திருப்பிப் பின்கருவியைப் பாருங்கள். திரும்பிப் பார்க்கும் அந்த நிலையில் பெடல் மிதிக்கும் கால் எங்கே போகிறது என்று கவனியுங்கள், அங்கேதான் குட்டு வெளிப்படும். இறங்கும்போது பெடலுக்கும் மட்கார்டுக்கும் நடுவே பூட்ஸ் தடுக்காமல் வெளியே வருகிறதா என்பதும் முக்கியம். அவசரத்தில் இறங்குகிறவர் விழுவது அங்கேதான்.

சாலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் லிம் சூ காங் பக்கம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் உண்டு. பண்ணைக்குள்ளேயே ஓடும்வரை ஒரு கதை, பொதுச் சாலையில் சக்கரம் பட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்.டி.ஏ.) பதிவு வேண்டும். சுமை இல்லாத எடை 2500 கிலோவுக்கு உட்பட்ட மோட்டார் டிராக்டருக்கு கிளாஸ் 3 லைசென்ஸ் போதும், நாம் பேசும் வண்டிகள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

பிராண்ட் சொல்லாமல் விடமாட்டீர்கள், அதனால் என் வரிசை: உங்கள் உடம்புக்கு முதலில் ஜான் டியர் 3 வரிசையின் சேஸியில், இரண்டு பெடல் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். அது கிடைக்காவிட்டால் அல்லது பாகம் வாங்கச் சிரமம் என்றால் குபோட்டா எல்., முதலாளி 25 குதிரைத்திறனைத் தாண்டச் சம்மதித்தால் கிராண்ட் எல். குபோட்டா நம் வட்டாரத்தில் பரவலாக ஓடுவதால் ஃபில்டர், சீல் போன்றவை கிடைப்பது எளிது, நர்சரிக்கு அதுவும் பெரிய விஷயம்தான். கியோட்டி, நியூ ஹாலண்டின் பெரிய மாடல்களிலும் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் இங்கே சர்வீஸ் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் உறுதி பண்ணுங்கள். உங்களுக்குப் பொருந்தும் வண்டிக்குப் பாகம் வர மாதக்கணக்காகும் என்றால், அந்த மாதங்களில் மறுபடி பழைய ஜப்பான் வண்டியில்தான் நீங்கள் முழங்காலை இடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளியிடம் பேசும்போது சஸ்பென்ஷன் சீட், ஜாய்ஸ்டிக் பிராக்கெட், உயர்த்தி மாட்டிய வெயில் கூரை மூன்றையும் விலைப்பட்டியலிலேயே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிப்பார்கள், முதலிலேயே சேர்த்துவிட்டால் மொத்தத் தொகையில் அது கரைந்துவிடும்.

பாதை அகலம் 1.5 மீட்டருக்குக் குறைவு என்று தெரிந்தால் இந்த யோசனையே மாறும். அப்போது டோரோ டிங்கோ மாதிரி நின்றுகொண்டே ஓட்டும் மினி லோடரை மண் அள்ளுவதற்கு எடுத்துக்கொண்டு, புல்லுக்குத் தனியாக ஒரு வண்டி பார்ப்பது நல்லது. அதில் சீட்டே கிடையாது, முழங்கால் பிரச்சினையும் கிடையாது. டேப் பிடித்து அளந்துவிட்டுப் பாதை அகலம், கூடாரக் கம்பி உயரம், உங்கள் சுவர் அளவு மூன்றையும் எழுதுங்கள், வாளி அகலத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.